நான்காம் பத்தி

திருக்கழுக்குன்றம்
9 மே 2000

அன்புள்ள பன்னீர்,

உன் வீட்டுக்கு இரண்டு முறை வந்துவிட்டேன். முதல் முறை நீ அச்சரப்பாக்கம் போயிருப்பதாக உன் அம்மா சொன்னார்கள். இரண்டாம் முறையும் அச்சரப்பாக்கம்தான். உன் செருப்பு வாசலிலேயே கிடந்தது. செருப்பில்லாமல் அச்சரப்பாக்கம் போகிற ஆள் இல்லை நீ. கருங்குழி பஸ் நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நடந்தது உனக்கும் தெரியும். இருந்தாலும் வரிசையாக எழுதுகிறேன். நீ போலீசில் எழுதிக் கொடுத்ததைப் படித்த பிறகு, அன்றைக்கு நாம் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் இருந்தோமா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

ஏப்ரல் 30, ஞாயிறு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே கடற்கரையிலுள்ள நீலக்கரை விடுதிக்குப் போன் செய்து, ஹெலிபேடைப் பார்த்துக்கொள்ளும் தேவசகாயத்திடம் கேட்டேன். ஹெலிகாப்டர் எதுவும் வரவில்லை, தாராளமாக வாருங்கள் என்றார். காலை ஏழு மணிக்கு மணலில் சிவப்புக் கொடி நட்டோம். விடுதிக்காரர்கள் கொடுத்த அனுமதிக் கடிதம் வழக்கம்போல் பிளாஸ்டிக் உறையில் என் பையில் இருந்தது. அதிலுள்ள நிபந்தனைகள் உனக்கும் மனப்பாடம். ஒன்பது மணிக்கு மேல் மாதிரி விமானத்தைப் பறக்கவிடக் கூடாது. நூறடிக்கு மேல் ஏறக் கூடாது. ஹெலிபேடின் மதிலுக்கு முந்நூறு அடி இப்பால் இருக்க வேண்டும். ஹெலிபேடிலிருந்து விசில் கேட்டால் உடனே இறக்கிவிட வேண்டும். இரண்டு வருஷத்தில் ஒரு ஞாயிறு கூட நாம் அதை மீறியதில்லை.

எட்டே காலுக்கு விசில் கேட்டது. யாரோ பெரிய விருந்தாளி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாராம். நான் இறக்கப் பார்த்தேன். அதுவரை சொன்ன பேச்சைக் கேட்ட விமானம் அந்த நிமிஷத்தில் கேட்கவில்லை. ரிமோட்டின் குச்சியை எந்தப் பக்கம் தள்ளினாலும் அது பாட்டுக்கு மதிலைத் தாண்டிப் போய் ஹெலிபேடின் நடுவில் விழுந்து தூள் தூளானது. மேலே வந்துகொண்டிருந்த ஹெலிகாப்டர் இறங்காமல் திரும்பிப் போனது.

விசில் ஊதியும் வேண்டுமென்றே உள்ளே விட்டேன் என்று விடுதி மேலாளர் புகார் கொடுத்திருக்கிறார். தேவசகாயம் நான் இறக்கப் பார்த்ததாகச் சொன்னார். நீயோ, "பத்ரிதான் இயக்கினார், விசில் அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது, நான் பார்க்கவில்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். என் பக்கத்தில் இருபதடி தூரத்தில் இருந்தவன் நீ. விசில் கேட்டதும் "போச்சுடா" என்று கத்தியவனும் நீதான்.

இன்ஸ்பெக்டர் கோபாலகிருஷ்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டார். "நீ சொல்றத வெச்சி நான் எப்டிப்பா கேஸை மூடறது? கூட இருந்தவன் எழுதிக் குடுக்கட்டும், இவன் வேணும்னு பண்ணலன்னு. அன்னிக்கே மூடிடறேன்." அவ்வளவுதான் வேண்டும்.

எனக்கு வேலை வந்திருப்பது உனக்குத் தெரியும். விமான நிலையத்தில் பயிற்சி உதவியாளர். நாம் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதிய அதே பரீட்சை. ஜூன் இருபதாம் தேதிக்குள் என்னைப் பற்றிப் போலீஸ் அறிக்கை போக வேண்டும். விமானப் பாதையில் பொம்மை விமானத்தை விட்டவன் என்று அறிக்கை போனால் எந்த விமான நிலையம் என்னை வாசல்படி ஏற்றும்? தயவு செய்து வா. ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும்.

பத்ரி


கருங்குழி
17 மே 2000

மச்சான்,

செருப்பை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறாய், உனக்கு எதற்கு விமான நிலையம், பேசாமல் போலீஸ் வேலைக்கே போ. அது அப்பாவுடைய செருப்பு. இரண்டு பேருக்கும் ஒரே அளவு. நிஜமாகவே மாமா கடையில் உரமூட்டை இறங்குகிற நேரம், ஒரு வாரமாக அச்சரப்பாக்கமே கதி என்று கிடக்கிறேன்.

கோபப்படாமல் படி. நான் உன்னைப் பற்றித் தப்பாக ஒன்றும் எழுதவில்லை. அந்த நேரத்தில் நான் சவுக்குத் தோப்பு ஓரம் என் விமானத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். உன்னுடையது எந்தப் பக்கம் போனது என்று சத்தியமாகப் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதச் சொல்கிறாயா? நாளைக்குக் குறுக்குக் கேள்வி கேட்டால் யார் முழிப்பது?

ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வீட்டுக்கு வந்துபோனதிலிருந்து அப்பா சோறு தண்ணி சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்றுக்கூட, "போலீசாண்ட போய் இன்னா பேசப் போற? வூட்ல கம்முனு கெட" என்று ஒரே சத்தம். எங்கள் வீட்டில் உங்கள் வீட்டைப் போல இல்லை பத்ரி. உன் அப்பா பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்தவர், ஸ்டேஷனுக்குப் போனால் நாற்காலி போடுவார்கள். எங்கள் அப்பாவை நிற்க வைத்துப் பேசுவார்கள்.

காற்று என்று சொல்லிப் பாரேன். கடற்கரைக் காற்று யாருக்குக் கட்டுப்படும்? யாரும் மறுக்க முடியாது.

பரீட்சை விஷயம் கேட்காமல் விட்டாயே என்று நினைத்தேன். என் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. எனக்கு வருத்தமில்லை. நீ போய்ச் சேர்ந்ததும் ஒரு நாள் உள்ளே கூட்டிப்போய்க் காட்டு, போதும்.

பன்னீர்


திருக்கழுக்குன்றம்
22 மே 2000

பன்னீர்,

காற்று என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது என்கிறாய். நான் மறுப்பேன். அன்றைக்குக் கொடி சரியாக அசையக்கூட இல்லை. என்.சி.சி. விமானப் பிரிவில் மூன்று வருஷம் நம்மை வெயிலில் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தது, விழுந்தால் காரணம் தேடு, சாக்கு தேடாதே என்றுதான். நீ எனக்குச் சாக்கு அனுப்பியிருக்கிறாய்.

போலீஸ் என் ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அதைப் பொத்தேரியில் என் அத்தை மகன் ஷ்ரவண் படிக்கிற கல்லூரிக்கு எடுத்துப் போனேன். அங்கே ஆய்வுக்கூடத்தில் அரை நாள் வைத்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. உடைந்த விமானத்திலிருந்து எடுத்த, ரிமோட்டின் அலையை வாங்கும் ரிசீவரும் சரியாக இருக்கிறது. பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது. அப்படியானால் என் விமானம் ஏன் என் பேச்சைக் கேட்கவில்லை?

பஸ்ஸில் வரும்போது வழி முழுக்க இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். செங்கல்பட்டு வந்தபோதுதான் அலைவரிசை ஞாபகம் வந்தது.

நம் இரண்டு ரிமோட்டும் ஒரே அலைவரிசை. கடையில் வேறு அலைவரிசைக்கான கிறிஸ்டல் கிடைக்காததால் அப்படியே வாங்கினோம். ஒன்று ஓடும்போது இன்னொன்றைப் போட்டால் விமானத்துக்கு யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாது. அதற்காகத்தான் அந்தச் சிவப்புத் துணிக் கிளிப் வைத்துக்கொண்டோம். கிளிப் யார் சட்டையில் இருக்கிறதோ அவன்தான் ரிமோட்டைப் போடலாம். மற்றவன் தொடக்கூட மாட்டான். அன்று எட்டே காலுக்குக் கிளிப் என் காலரில் இருந்தது.

நீ தோப்பு ஓரம் பெட்டியைத் திறந்துகொண்டிருந்ததாக நீயே எழுதியிருக்கிறாய். உன்னைச் சந்தேகப்பட எனக்குப் பிடிக்கவில்லை. சந்தேகப்படாமலும் இருக்க முடியவில்லை. இரண்டு நாளாக எதைச் சாப்பிட்டாலும் மண்ணாக இருக்கிறது.

ஒரே கேள்வி. உன் ரிமோட்டைப் போட்டாயா? ஆமாம், இல்லை, ஏதாவது ஒன்று எழுது.

பத்ரி


அச்சரப்பாக்கம்
3 ஜூன் 2000

பத்ரி,

ஆமாம்.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்குப் பத்து நாளாகியிருக்கிறது. மாமா கடையில் மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன், வீட்டில் எழுத முடியவில்லை.

அந்த விமானத்துக்கு நான் எட்டு மாதம் உழைத்தது உனக்குத் தெரியும். இறக்கைக்கு நான்கு முறை காகிதம் ஒட்டிப் பிரித்தேன். அன்றுதான் முதல் முறையாகப் பறக்கவிடுவதாக இருந்தது. நீ எட்டரைக்கு இறக்கிவிட்டுக் கிளிப்பைத் தருகிறேன் என்றாய். அதற்குள் விசில். விசில் வந்தால் அன்றைய பொழுது முடிந்தது. அடுத்த ஞாயிறு மாமா கடை, அதற்கடுத்த ஞாயிறு கல்யாணம். என் முறை எப்போது வருமோ என்று ஆகிவிட்டது.

பறக்கவிடத்தான் முடியாது, வால் அசைகிறதா என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ரிமோட்டைப் போட்டேன். நீ அதற்குள் இறக்கியிருப்பாய் என்றுதான் நினைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குச்சியை இடது பக்கம் தள்ளினேன், வால் அசைந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது விநாடி இருக்கும். அப்புறம் நீ கத்துவது கேட்டது.

உடனே அணைத்தேன். அணைத்ததும் உன் விமானம் திரும்பும் என்று நினைத்தேன். அதற்குள் மதில் தாண்டியிருந்தது.

நீ ஹெலிபேடுக்கு ஓடினாய். நான் முதலில் செய்தது ஆன்டெனாவை உள்ளே தள்ளியது. அதை நினைத்தால் எனக்கே என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். போலீஸ் வந்துவிட்டது, வாய் வரவில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் நேற்றே சொல்லியிருக்கலாமே என்று தள்ளிப் போய்விட்டது.

பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் முன்னால் நானே வந்து எழுதிக் கொடுக்கிறேன். நீ வர வேண்டாம். அதுவரை இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. நானாகப் போய்ச் சொன்னால் ஒரு மாதிரி, கடிதத்தை வைத்து இழுத்துக்கொண்டு போனால் வேறு மாதிரி. அப்பா தாங்க மாட்டார். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

பன்னீர்


திருக்கழுக்குன்றம்
7 ஜூன் 2000

அன்புள்ள பன்னீர்,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் உன்னை அறைய வேண்டும் போல இருந்தது. அன்று சாயங்காலமே அது போய்விட்டது. வால் அசைந்ததும் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். உன் இடத்தில் நானிருந்தால் போட்டிருக்க மாட்டேன். ஆனால் போட வேண்டும் என்ற ஆசை எனக்கும் வந்திருக்கும்.

அப்பாவிடம் மட்டும் சொன்னேன், மன்னித்துக்கொள். மறைத்து எனக்குப் பழக்கமில்லை. அவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "மொதல்ல இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கோடா" என்றார். எனக்கு வந்ததே கோபம். இருபத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் பேசுகிற பேச்சா இது என்று கேட்டுவிட்டேன்.

அதனால்தான் உன் கடிதத்தை இத்துடன் உனக்கே திருப்பி அனுப்புகிறேன். ஜெராக்ஸ் எடுக்கவில்லை. நண்பனுடைய குடுமி என் கையில் இருக்க வேண்டாம். நீ பயத்தில் போனாய் என்று நாளைக்கு யாரும், நீ கூட, சொல்லக் கூடாது. திங்கட்கிழமை நீயாகப் போகிறாய், நீயாக எழுதுகிறாய். இன்ஸ்பெக்டரிடம் பேசிவிட்டேன், பெயர் சொல்லாமல். தெரியாமல் செய்தது என்றால் உன் மேலும் பெரிதாக ஒன்றும் வராது, எச்சரித்து அனுப்பிவிடுவேன் என்றார். உன் அப்பாவிடம் சொல்.

வேலையில் சேர்ந்து முதல் விடுமுறைக்கு வரும்போது வேறு கிறிஸ்டல் ஒன்று எப்படியாவது தேடி எடுத்து வருகிறேன். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒன்றாகவே பறக்கவிடலாம்.

பத்ரி


திருக்கழுக்குன்றம்
21 ஜூன் 2000

பன்னீர்,

திங்கட்கிழமை நீ வரவில்லை. செவ்வாயும் இல்லை. பஸ் தாமதம், உடம்பு சரியில்லை, மாமா விடவில்லை என்று உனக்காக நானே ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். உன் மாமா கடைக்குப் போன் செய்தேன். "அவன் இங்க இல்லீங்களே, வூட்டாண்டதான் இருப்பான்" என்றார்.

கடைசியில் நானே ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை உன் பெயரோடு சொன்னேன். கடிதம் எங்கே என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். திருப்பி அனுப்பிவிட்டேன் என்றேன். பக்கத்திலிருந்த ஏட்டு சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, அது அதைவிட மோசமாக இருந்தது.

நேற்று அறிக்கை போய்விட்டது. "புகார் நிலுவையில் உள்ளது" என்று ஒரு வரி.

உனக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்ற கவலையும் இருக்கிறது. அதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பதில் போடு.

பத்ரி


திருக்கழுக்குன்றம்
14 ஆகஸ்ட் 2000

பன்னீர்செல்வத்துக்கு,

இந்தக் கடிதத்தை உன் பயிற்சி நிலைய முகவரிக்கே அனுப்புகிறேன். முகவரி எப்படிக் கிடைத்தது என்று நினைப்பாய்.

என் நியமனம் ரத்து என்று ஜூலையில் கடிதம் வந்தது. மேல்முறையீடு செய்யலாம் என்று இன்று விமான நிலைய அலுவலகத்துக்குப் போனேன். அம்சா என்று ஒரு அம்மா, மேசையில் இருந்தவர்கள், பாவம், நல்ல மாதிரி. "லேட்டா வந்துட்டீங்களே தம்பி, உங்க எடத்துக்கு ஆளு சேர்ந்து ட்ரெயினிங் போயாச்சே" என்று பட்டியலைத் திருப்பிக் காட்டினார்கள். காத்திருப்போரில் முதல் பெயர். ப. பன்னீர்செல்வம், கருங்குழி.

நான் அதே பெயரில் வேறு யாராவது இருக்கலாம் என்று நினைத்தேன். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். பிறந்த தேதியைப் பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் உன் வீட்டில் பாயசம் சாப்பிட்டிருக்கிறேன்.

"என் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை" என்று மே 17 அன்று எழுதினாய். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. அதைத் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் அது எதற்கும் உதவாது.

ரிமோட்டைப் போட்டதை நான் மன்னித்தேன். பயந்துபோய்ப் பொய் சொன்னதையும் மன்னித்தேன். நீ என் வேலையைத் திருடினாய் என்றுகூட எழுத வரவில்லை, ஏனென்றால் கதவைத் திறந்து விளக்கைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அப்பா சொன்னேனே என்று சொல்லிக் காட்டியிருந்தால் தேவலை. இரண்டு மாதமாக என்னைப் பார்த்தால் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். ஜூன் மூன்றாம் தேதி அந்தக் கடிதத்தை எழுதும்போது, வரப் போவதில்லை என்று தெரிந்தேதான் எழுதினாயா?

பத்ரி


பயிற்சி நிலைய விடுதி
2 நவம்பர் 2000

பத்ரி,

உன் கடிதம் வந்து இரண்டரை மாதமாகிறது. படுக்கைக்கு அடியில் பெட்டியில் இருக்கிறது. இங்கே யாருக்கும் தமிழ் தெரியாது, யார் எடுத்தாலும் படிக்க முடியாது என்று ஒரு தைரியம்.

நீ கேட்டதற்குப் பதில். தெரிந்து எழுதவில்லை. காத்திருப்போரில் முதல் பெயர் என்று மே பதினைந்திலேயே எனக்குக் கடிதம் வந்துவிட்டது, அதை உன்னிடம் மறைத்தேன். இருந்தும் ஜூன் மூன்றாம் தேதி எழுதியபோது போகத்தான் நினைத்தேன். பன்னிரண்டாம் தேதி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டேன். செங்கல்பட்டில் பஸ் மாற வேண்டும். ஸ்டேஷன் பக்கம் போகிற மாமல்லபுரம் பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. உன் கவர் என் சட்டைப் பையில் இருந்தது, உள்ளே என் கடிதம். நீ மட்டும் அதை வைத்துக்கொண்டிருந்தால் எனக்கு வேறு வழி இருந்திருக்காது, மூன்றாவது பஸ்ஸில் ஏறியிருப்பேன். கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது வேறு வழி இருந்தது. வீட்டுக்குத் திரும்பி அதை அடுப்பில் போட்டேன்.

இதைப் படித்து உனக்குக் கோபம் வரட்டும். எனக்கும் கொஞ்சம் கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். விடுதிக்காரர்கள் கொடுத்த அனுமதிக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது? "திரு. பத்ரி மற்றும் உதவியாளர்." இரண்டு வருஷம் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாய். உன் விமானத்துக்கும் இறக்கை வெட்டியவன் நான். இஞ்சினைப் பிரித்துக் கழுவியவன் நான். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவன் நீ, அதனால் நீ பத்ரி, நான் உதவியாளர். ஒரு தடவையாவது அதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாயா? உனக்கு அது கண்ணிலேயே படவில்லை.

அதற்காகத்தான் செய்தேன் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற முதல் ஆள் நான். அம்மா தெருவில் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்திருக்கிறாள். இனி நான் எதைச் சொன்னாலும் அதையெல்லாம் திரும்ப வாங்க முடியாது.

இங்கே முதல் வகுப்பில் சொன்னார்கள், வானத்தில் எது நடந்தாலும் நேரத்தோடு எழுதி வை, தப்பு செய்தால் அதையும் எழுதி வை என்று. எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நானும் குறித்துக்கொண்டேன்.

பன்னீர்


திருக்கழுக்குன்றம்
5 மார்ச் 2001

பெறுநர்:
பொறுப்பு அலுவலர்,
வான்வழி அனுமதிப் பிரிவு,
விமான நிலையம்.

ஐயா,

பொருள்: மாதிரி விமானம் பறக்கவிட அனுமதி கோருதல்.

1. நான் திருக்கழுக்குன்றத்தில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். ரேடியோ மூலம் இயங்கும் ஒன்றரைக் கிலோ எடையுள்ள மாதிரி விமானம் ஒன்று வைத்திருக்கிறேன்.

2. பொத்தேரிக்கு அருகே வறண்ட ஏரியின் உட்பகுதியில் ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பது வரை அதைப் பறக்கவிட விரும்புகிறேன். அந்த இடம் தங்கள் எல்லைக்குள் வருவதால் எழுத்து மூலமான அனுமதி தேவை என்று அறிந்தேன். வரைபடம் இணைத்துள்ளேன்.

3. நூறடிக்கு மேல் பறக்கவிட மாட்டேன். தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் தொலைபேசியில் தெரிவிப்பேன். தாங்கள் சொன்னால் உடனே இறக்கிவிடுவேன்.

4. முன்பு நடந்த விபத்துகளைக் காரணத்துடன் குறிப்பிட வேண்டும் என்று தங்கள் படிவம் கேட்கிறது. 30.4.2000 அன்று நீலக்கரை விடுதியின் ஹெலிபேடில் என் விமானம் விழுந்தது. அதே அலைவரிசையில் இன்னொரு ரிமோட்டை, முறை வராமலேயே இயக்கியதுதான் காரணம். இயக்கியவர் திரு. ப. பன்னீர்செல்வம். தற்போது தங்கள் பிரிவில் பணியில் இருக்கிறார். அவரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

தங்கள் உண்மையுள்ள,
பா. பத்ரி


15 மார்ச் 2001

பத்ரி,

இதை அலுவலகத் தாளில் எழுதவில்லை என்பதைக் கவனி.

உன் விண்ணப்பம் என் மேசைக்குத்தான் வந்தது. வருகிற தபாலைப் பிரித்து எண் போட்டு மேலே அனுப்புகிறவன் நான். அது உனக்குத் தெரிந்துதான் அனுப்பினாய் என்று நினைக்கிறேன். போன மாதம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று படிவம் வாங்கினாயே, அப்போது என்னைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். எழுந்து உள்ளே போய்விட்டேன்.

எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. ஜூலை வரை சோதனைக் காலம். நான்காம் பத்தி மேலே போனால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பத்தி இல்லாமல் வேறு ஒன்று எழுதி அனுப்பு. "இல்லை" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், யாரும் தோண்டிப் பார்க்க மாட்டார்கள். ஒரே வாரத்தில் அனுமதி வாங்கித் தருகிறேன். ஏரி முழுக்க உனக்குத்தான். உன் பெயர் மட்டும் போட்டே வாங்கித் தருகிறேன்.

அதுவரை உன் விண்ணப்பத்துக்கு எண் போடாமல் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கிழிக்கவில்லை. கிழிக்க மாட்டேன், பயப்படாதே.

பன்னீர்


திருக்கழுக்குன்றம்
23 ஏப்ரல் 2001

திரு. ப. பன்னீர்செல்வம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான்காம் பத்தியை நான் எடுக்கப் போவதில்லை. படிவம் கேட்கிறது, அதற்குப் பதில் அதுதான்.

தங்கள் மேலதிகாரிக்கு நேராக ஒரு நகல் அனுப்பச் சொல்கிறார் அப்பா. இந்த முறை நான் அவரிடம் கோபப்படவில்லை. ஆனாலும் அனுப்பவில்லை. விண்ணப்பம் தங்கள் மேசை வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. தாங்கள்தான் அதை எடுத்து வைக்க வேண்டும். அதைத் தங்களுக்காக நான் செய்ய மாட்டேன். போன வருஷம் ஜூனிலேயே தங்களுக்காக நான் நிறையச் செய்துவிட்டேன்.

ஞாயிறுதோறும் ஏரிக்குப் போகிறேன். ஏழு மணிக்குக் கொடி நடுகிறேன். இறக்கையைப் பொருத்தி ரப்பர் போட்டு இறுக்குகிறேன். எரிபொருள் ஊற்றுவதில்லை. ரிமோட்டைப் போடுவதில்லை. அனுமதி இல்லாமல் ஓரடி கூட மேலே கிளம்பக் கூடாது, கிளம்பாது. ஒன்பது மணிக்கு எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன். நேற்றோடு ஏழு ஞாயிறு ஆகிறது. எனக்கு எத்தனை கோபம் இருக்கிறது என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரிகிறது.

பக்கத்துக் கல்லூரி விடுதி மாணவர்கள் சிலர் டீ குடித்துவிட்டு வேடிக்கை பார்க்க வருகிறார்கள். ஏன் சார் இன்னும் விடவில்லை என்று கேட்கிறார்கள். விமான நிலையத்தில் ஒருவர் கையில் என் விண்ணப்பம் இருக்கிறது, அவர் அனுப்பினால் விடலாம் என்கிறேன். பெயர் கேட்டால் தங்கள் பெயரைச் சொல்கிறேன்.

நேற்று ஒரு பையன், "தெரிஞ்சவரா சார்? தெரிஞ்சவர்னா போய்ப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன், சீக்கிரம் முடிச்சிக் குடுப்பாரு" என்றான்.

தெரியாது என்று சொன்னேன்.

பா. பத்ரி